கோட்டை விழுந்தது

மூன்று வாரமாகச் சாப்பாட்டு மேஜையில் பதினெட்டாம் நூற்றாண்டுக் காலனிப் போர். பெயின்ட் அடித்த ஈயச் சிப்பாய்கள் மேஜை முழுக்க நிற்க, குடும்பமே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது.

"ஏங்க, இந்தச் சண்டை எப்பதான் முடியும்?" அட்டைக் குன்றுகளில் தூசி தட்டியபடியே கேட்டாள் மனைவி.

"என் கோட்டை விழுந்தாதான். அது இந்த ஜென்மத்துல விழாது!" என்றார் கணவர், சிப்பாய்கள் நகரும் தூரத்தை ஸ்கேலால் அளந்துகொண்டே.

எதிரியை அவர் பார்த்ததே இல்லை. இந்தப் பொம்மைப் போர் விளையாட்டுக்கான போன் குழுவில் 'தளபதி' என்ற பெயரில் புதிதாகச் சேர்ந்த ஆள், நகர்வுகளெல்லாம் போனில்தான்.

மனைவி துணி காயப்போட மாடிக்குப் போனாள். போன் சிணுங்கியது.

"உங்கள் வெடிமருந்து வண்டி குன்றுக்குப் பின்னால் இருக்கிறது. என் குதிரைப்படை அங்கே பாய்கிறது."

அவர் குன்றுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒளித்துவைத்த வண்டியாயிற்றே, இவனுக்கு எப்படித் தெரிந்தது? வண்டியைக் காப்பாற்றப் பகடையை உருட்டினார். ஒன்றுதான் விழுந்தது. வெடிமருந்தோடு கோட்டையும் போயே போச்சு.

"சரணடைகிறேன். நிபந்தனை என்ன, தளபதி?" என்று அனுப்பினார்.

பதில் உடனே வந்தது.

"மேஜையைக் காலி பண்ணுங்க. இன்னும் ரெண்டு துணிதான் பாக்கி, காயப்போட்டுட்டு வந்து சாப்பாடு எடுத்து வைக்கிறேன்."