சாய்ந்த வெட்டு

கறுப்பு மை இன்னும் காயவில்லை.

ஜன்னலிலிருந்து வாசல் வரை கட்டிய கொடியில், ஜன்னல் ஓரமாக மூன்று தாள்கள் தொங்கின. மூன்றும் அவள் மரப்பலகையில் செதுக்கி அச்செடுத்த ஒரே படம். எண்ணூர் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். ஒரு லாரியின் அடியில் பழைய புடவையில் கட்டிய தூளி. உள்ளே தூங்கும் டிரைவர். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாதம்.

பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அவள் பார்த்த பாதம்.

தாள்களின் கீழே பென்சிலால் கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது.

பக்கத்து மேஜை ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.

"செமடி! அப்படியே சார் போட்ட மாதிரியே இருக்கு."

பாராட்டுத்தான். இந்த வாரத்தில் ஐந்தாவது தடவை.

அவள் நிமிர்ந்து தன் தாள்களைப் பார்த்தாள். வானத்தில், லாரிகளின் பக்கவாட்டில், தரையில், எங்கு பார்த்தாலும் வலப்பக்கம் சாய்ந்த வெட்டுகள். சாரல் அடித்ததுபோல. அச்சுக்கலை சொல்லிக்கொடுக்கும் சாரின் வெட்டு அது. 'சார் மழை' என்று கல்லூரியில் அதற்குப் பெயரே உண்டு.

முதல் வருடம் உளி வழுக்கி விரலைக் கிழித்துக்கொண்ட அன்று, மணிக்கட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று சார் காட்டிக்கொடுத்தார். ஆறு வருடம் ஆயிற்று.

மணிக்கட்டு மறக்கவில்லை.

மணி பத்தரை. நான்கு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். இறுதித் தேர்வு. கண்காட்சிக் கூடத்தின் வாசல் சுவருக்கு இந்தப் படம்தான் என்று சார் சொல்லியாயிற்று. இன்னும் ஏழு தாள் போட்டால் முடிந்தது.

சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை மறுபடி படித்தாள்.

'சுயமான படைப்பு. ஒரே பலகையிலிருந்து பத்து அச்சுகள்.'

ஒரே பலகை என்றுதான் இருக்கிறது. ஒரே மாதிரி என்று இல்லை.

வெளியிலிருந்து வரும் தேர்வாளரும் அப்படியே படிப்பாரா? படிக்காவிட்டால் ஒரு வருடம் போச்சு.

அவள் உளியை எடுத்தாள். பலகையில், வானத்தின் மேல் வைத்தாள்.

செதுக்கிய இடம் தாளில் வெள்ளையாக விழும். செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

தள்ளினாள்.

"ஏய்! லூசாடி நீ? இன்னும் ஏழு இருக்கு!"

அவள் நிறுத்தவில்லை. மரச்சுருள்கள் ஜெசிந்தாவின் மேஜை வரை பறந்தன.

வானம் போயிற்று.

வெளியே அச்சு இயந்திரத்துக்குப் பெரிய வரிசை. அவள் ரோலரால் மை உருட்டி, தாளைப் பரப்பி, மெஸ்ஸிலிருந்து எடுத்து வந்த குழிக்கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தாள். தோள் வலித்தது.

நான்காவது தாள்.

வானத்தில் மழை இல்லை. லாரிகளில் பெய்துகொண்டிருந்தது.

லாரிகளைச் செதுக்கினாள். ஐந்தாவது.

தரைக்குப் புதிதாக நாலு கோடு இழுத்தாள். பலகையைத் தூக்கிப் பார்த்தாள்.

நாலும் அதே சாய்வில் விழுந்திருந்தன.

உளியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். ஜெசிந்தா தன் படங்களைச் சுருட்டிக்கொண்டு, கூடத்தில் மாட்டப் புறப்பட்டாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"மெஸ் அக்கா கரண்டியக் காணோம்னு கத்திக்கிட்டு இருக்காங்க. உன்னக் காட்டிக் குடுத்துட்டுத்தான் போவேன்."

கதவு சாத்திக்கொண்டது.

அவள் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். நின்றுகொண்டே செதுக்கிப் பார்த்தாள்.

நின்றால் மணிக்கட்டுக்கு வேலை இல்லை. முழங்கை தள்ளியது. தோள் தள்ளியது. கோடு நீளமாக, கொஞ்சம் தள்ளாடி, நேராகப் போனது.

இந்தக் கோட்டை அவள் இதுவரை பார்த்ததில்லை.

ஆறாவது. ஏழாவது. எட்டாவது.

சாய்ந்தது எதைக் கண்டாலும் எடுத்தாள். லாரி வரிசை போயிற்று. சக்கரங்கள் போயின. தூளிக்கு மேலே ஒரே ஒரு கறுப்புப் பட்டையை மட்டும் விட்டாள். அதுதான் லாரி.

ஒன்பதாவது தாளுக்குப் பிறகு, பாதத்தின் ஓரத்தைத் துப்புரவாக்கப் போனாள். பிளைவுட் சிராய் விட்டது. பெருவிரல் நுனி சட்டென்று பெயர்ந்து வந்தது.

நகத்தளவு மரத்துண்டு.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பசை போட்டு ஒட்டிப் பார்க்கலாம். மணி மூன்று.

ஊதித் தள்ளினாள்.

மை. தாள். கரண்டி. ஒரு மூலையிலிருந்து மெல்ல உரித்தாள்.

வெள்ளைத் தாளில் ஒரு கறுப்புப் பட்டை. அதன் கீழே பாரத்தில் தொய்ந்த தூளி. வெளியே பாதம். பெருவிரல் நுனி வெடித்திருந்தது. எத்தனையோ சாலையில் பிரேக் மிதித்த விரல்.

பத்தாவது தாளை வாசல் ஓரமாக, கொடியின் கடைசியில் மாட்டினாள்.

மூன்றரைக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு ஜெசிந்தா வந்தாள். கையில் இரண்டு டீ. பேசிக்கொண்டே வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

முகத்துக்கு நேரே அந்தத் தாள்.

 டீயில் ஆடை படிந்தது.

"இது யாருடி போட்டது?"

அவள் விரல்களில் இருந்த மையைத் துணியில் துடைத்துக்கொண்டு, பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.