வெந்நீரில் குளித்த தொப்பி

மாமனாரின் தொப்பியை மருமகள் வெந்நீரில் ஊறவைத்தது கெட்ட எண்ணத்தில் இல்லை. ஒரு பாராட்டு கிடைத்த தைரியத்தில்தான்.

கல்யாணமாகி வந்த நாலு மாதத்தில் மாமனார் அவளிடம் பேசிய வார்த்தைகளை எண்ண இரண்டு கை விரல்கள் போதும். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். சிரிப்பு மருந்துக்கும் கிடையாது. அவரிடம் தொப்பி இரண்டு. தோட்டத்து வேலைக்கு வைக்கோல் தொப்பி, வெளியே போக, கம்பளி ரோமத்தை அழுத்திச் செய்த சாம்பல் நிற ஃபெல்ட் தொப்பி. இந்த இரண்டாவதால் தெருவில் அவருக்கு 'துரை' என்றே பேர்.

போன வாரம் அவள் வைக்கோல் தொப்பியை ஈரத்துணியால் துடைத்து, வெயில் படாமல் நிழலில் உலர்த்திக் கொடுத்தாள். துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார்.

அந்த ஒரு வார்த்தை அவளைச் சும்மா இருக்க விடவில்லை. யாரும் கேட்காமலே ஃபெல்ட் தொப்பியையும் கையில் எடுத்தாள். உள்பட்டையில் வியர்வைக் கறை. தூசிக்கு பிரஷ், கறைக்கு ஈரத்துணி, அதோடு விட்டிருக்கலாம். இவளோ அழுக்கு அடியோடு போகட்டும் என்று வாளியில் வெந்நீரும் சோப்பும் கலந்து தொப்பியை அமுக்கிவைத்தாள்.

காய்ந்தபோது கறை போயிருந்தது. கூடவே தொப்பியில் கால்வாசியும் போயிருந்தது.

மாமியார் அதைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஒரு தடவை அவர் தெரியாமல் அந்தத் தொப்பிமேல் உட்கார்ந்ததற்கு, பதினோரு நாள் பேசாமல் இருந்த மனிதராம். புருஷன்காரன் தன் பங்குக்கு, எலி கடித்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றான். எலி கடித்தால் ஓட்டைதான் விழும், சுருங்காது என்று மாமியார் அவன் வாயை அடைத்தார்.

விஷயம் அதோடு போகவில்லை. சனிக்கிழமை துரை, ஓய்வுபெற்றோர் சங்கத்துக்குத் தலைவராகிறார். மாலை போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். தொப்பி இல்லாமல் அவர் வாசற்படி இறங்கமாட்டார்.

தொப்பிகளை வெளுத்துக் கொடுக்கும் கடை ஒன்று மார்க்கெட் பக்கம் இருந்தது. அவள் பையில் மறைத்து எடுத்துக்கொண்டு ஓடினாள். கடைக்காரர் தொப்பிக்கு நீராவி காட்டி, மரக்கட்டையில் மாட்டி, இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினார்.

"ஃபெல்ட்டுக்கு வெந்நீரே ஆகாதும்மா. முடிஞ்ச வரைக்கும் இழுத்துட்டேன். இன்னும் அரை விரல் இறுக்கம் இருக்கு. இதுக்கு மேல இழுத்தா கிழிஞ்சிரும்."

அந்த அரை விரலை நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. திட்டினால்கூட வாங்கிக்கொள்ளலாம். ஒரே வாரத்தில் அந்த 'பரவாயில்லையே' பறிபோகிறதே என்பதுதான் அழுகையாக வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் துரை கண்ணாடி முன்னால் ஒத்திகைக்கு நின்றார். அவள் சமையலறைக் கதவிடுக்கில் நின்றாள். அவர் தொப்பியை எடுத்து வைத்தார். அறுபத்தாறு வயதிலும் அவருக்குத் தலை கொள்ளாத முடி. சின்ன மூடி வைத்த பெரிய பாத்திரம் மாதிரி, தொப்பி முடிமேலேயே நின்றுவிட்டது. அமுக்கினார். அசையவில்லை. கழற்றினார். உள்பட்டையைப் பார்த்தார், மோந்து பார்த்தார். சோப்பு வாசனை காட்டிக்கொடுத்திருக்கவேண்டும். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆறிக்கொண்டிருந்த காபியைத் தொடக்கூட இல்லை.

"கோபம் வந்தா இப்படித்தான். நேரா தங்கச்சி வீட்டுக்குப் போயிருப்பாரு. இனி ஒரு வாரத்துக்கு வரமாட்டாரு" என்றார் மாமியார்.

ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். வந்த கோலத்தைப் பார்த்து மாமியார் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. தலை மழுமழுவென்று மொட்டை.

காடு மாதிரி வளர்ந்து கிடக்கிறதே, கொஞ்சம் குறையுங்கள் என்று முப்பத்தைந்து வருஷமாகத் தான் தலைபாடாய் அடித்துக்கொண்டபோதெல்லாம் கேட்காத மனுஷன், விழாவுக்கு முதல் நாள் வழித்துக்கொண்டு வந்து நிற்பதாவது என்று மாமியார் பிலாக்கணம் வைத்தார். தலையில் அரிப்பு என்று அதற்கு இரண்டே வார்த்தையில் பதில் வந்தது.

 கோபத்தில் தட்டை வீசுகிறவர்களை மருமகள் கேள்விப்பட்டிருக்கிறாள். முடியையே வழித்துக்கொள்கிறவரை இப்போதுதான் பார்க்கிறாள். இனி மறைத்துப் புண்ணியமில்லை என்று எதிரே போய் நின்றாள்.

"மாமா, உங்க தொப்பிய நான்தான் வெந்நீர்ல போட்டு..."  கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

துரை தொப்பியை எடுத்து மொட்டைத்தலையில் வைத்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி புருவம் வரை இறங்கி உட்கார்ந்தது. கண்ணாடியில் இடமும் வலமும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"நீ துவைச்சதுல ஒரு குறையும் இல்லம்மா. என் தலையிலதான் அநாவசியமா அரை விரல் முடி இருந்துது."