சரசம்மாவின் ஒரே மகன்

மழை விட்ட வெளிச்சம் வலியசாலைத் தெரு வீட்டு ஜன்னல் வழியே கணினித் திரையில் விழுகிறது. இணையக் கலைக்களஞ்சியத்தில் நடிகர்களின் பக்கங்களைச் சரிபார்க்கும் நீது, நாடக நடிகை சரசம்மாவின் பக்கத்தைத் திறந்திருக்கிறாள். சரசம்மா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். மேடையில் அவள் அம்மாவாக நடித்த வேடங்களுக்கெல்லாம் பத்திரிகைச் சான்று உண்டு. ‘ஒரே மகன் செல்வமணி ஏழு வயதில் இறந்தான்’ என்று அவள் ஆள்வைத்துச் சேர்த்த வரிக்கு மட்டும் இல்லை; சான்றில்லாத வரி அங்கே நிற்கக்கூடாது. “பேப்பர்ல எப்பவாவது வந்துதா மாமி?” “பொறந்ததும் வரல்ல, போனதும் வரல்ல. நான் பெத்தது போராதா மக்ளே?” செல்வமணியோடு ஒரே பெஞ்சில் இருந்து படித்தவள் நீது, அதுவும் சான்றாகாது. அவள் வரியை நீக்குகிறாள். மேல் வரியும் கீழ் வரியும் நெருங்கி இடைவெளியை மூடிக்கொள்கின்றன. சரசம்மா திரையை விரலால் தடவுகிறாள். “அவன் எந்த எடத்துல இருந்தான் மக்ளே?”