சிதோனியின் உதடுகள்

பாரிஸில் பெரிய வீட்டுப் பெண்களை வரைந்தே பேர் வாங்கியவன் ஓவியன் அன்செல்ம் கொர்விசியே. ஆனால் சிதோனி சீமாட்டியின் வாய் மட்டும் அவனுக்குப் பிடிபடவே இல்லை. கண்ணும் தோளும் சாம்பல் நிறப் பட்டு கவுனும் ஈஸ்டருக்கு முன்பே முடிந்துவிட்டன. அவள்தான் பேச்சை நிறுத்துவதாக இல்லை.

"கொஞ்ச நேரம் வாயை மூடுங்களேன், மேடம்."

"மூடினா செத்துட்டேன்னு என் வீட்டுக்காரர் சவப்பெட்டிக்குச் சொல்லிடுவார்," என்று சிரித்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தான். அன்று கீழுதடு ஒருவழியாக அமைந்தது. மறுநாள் அவள் தொண்டை கம்மி வந்தாள். சளி என்றாள். அன்று மேலுதடும் வந்தது. அடுத்த முறை அவள் பேச்சு கிசுகிசுப்பாகத்தான் கேட்டது. தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னாராம். அன்று வாயோரத்துச் சிரிப்பையும் பிடித்துவிட்டான். இதோ பேசப்போகிறது என்பது போல இருந்தது அந்த வாய்.

கடைசி நாள் வந்த சிதோனியிடம் குரலே இல்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சாயம் சுரண்டும் கத்தியை எடுத்து அவன் கையில் திணித்து, படத்தின் வாயைக் காட்டினாள்.

"விளையாடாதீங்க, மேடம். இந்த வாய்க்காக எவ்வளவு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன். நாளைக்கு இது கண்காட்சிக்குப் போகணும்."

கத்தியை வைத்துவிட்டு, படத்தின் மூலையில் தன் பெயரை எழுதத் தொடங்கினான். அவள் அவன் தோளருகே நின்று ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். தூரிகை உரசும் சத்தம் மட்டும் கேட்டது.