பிசகாத சாட்சி

பேச்சு மன்றத்தில் சேர்ந்த அன்று, பெயரைச் சொல்வதற்குள்ளேயே தையல்காரி கையைப் பிசைந்துகொண்டு அழுதுவிட்டாள். பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கையைப் பிசையாதீங்க. எதிர்ல இருக்கறவங்க கண்ணைப் பாருங்க. அழுகை வர்ற மாதிரி இருந்தா ஒரு மூச்சு விட்டுட்டு, நிதானமா அடுத்த வரிக்குப் போங்க," என்றார் மன்றத் தலைவர்.

வாராவாரம் தவறாமல் வந்தாள். வீட்டில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே சுவரைப் பார்த்துப் பேசிப் பழகினாள். மழை, பயணம் என்று எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் தங்கு தடையில்லாமல் பேசும் நாள் வந்தது.

"இந்த வருஷப் போட்டியில பரிசு உங்களுக்குத்தான்மா," என்றார் தலைவர்.

"பரிசெல்லாம் வேண்டாங்க. ஒரே ஒரு இடத்துல பேசணும். அதுக்குத்தான் வந்தேன்."

அந்த இடம், நீதிமன்றத்தின் சாட்சிக் கூண்டு.

துணி ஆலையில் தைக்கிற கூடத்தின் கதவை மேற்பார்வையாளர் வெளியே பூட்டியதையும், தீப்பிடித்தபோது உள்ளேயிருந்து தன் தங்கை கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்ததையும், அன்று முற்றத்தில் நின்று தான் பார்த்தது பார்த்தபடியே, ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"அருமையாப் பேசுறீங்கம்மா. எங்க கத்துக்கிட்டீங்க?"

"பேச்சு மன்றத்துலங்க."

"கூடப் பிறந்தவ எரிஞ்சதைக் கண் கலங்காமச் சொல்றதுக்கும் அங்கதான் பழக்கினாங்களா?"

அவள் ஒரு மூச்சு விட்டுவிட்டு, நிதானமாக அவர் கண்ணைப் பார்த்தாள்.

'மனப்பாடம் செய்து ஒப்பித்த சாட்சியம்' என்று தீர்ப்பில் தள்ளிவிட்டார்கள். மேற்பார்வையாளர் விடுதலையாகி வீட்டுக்குப் போனார்.

நீதிமன்றப் படிக்கட்டில் உட்கார்ந்து, தங்கையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் கதறினாள். அதைக் குறித்துக்கொள்ள அங்கே யாரும் இல்லை.