பொருந்திய தேதி

லாயத்துச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டருக்குப் பரபரப்பு தாங்கவில்லை.

"தம்பி, கண்டுபிடித்துவிட்டேன்" என்றது, கீழே கட்டியிருந்த குதிரையிடம். "முதல் காட்டுத்தீ வந்தது ஒன்பதாம் தேதி. நீ பிறந்ததும் ஒன்பது. அடுத்த தீ போன மாதம் பதினெட்டு. உனக்கு லாடம் அடித்ததும் பதினெட்டு. இனி இருபத்தேழில்தான் வரும்."

"இப்போதே புகை நெடி அடிக்கிறதே, அண்ணே."

"இன்றைக்குப் பன்னிரண்டுதான். பேசாமல் புல்லைத் தின்னு."

குதிரை அதை நம்பி, இழுத்துக்கொண்டிருந்த கயிற்றைத் தளரவிட்டது. சற்று நேரத்தில் கூரை பற்றிக்கொண்டது. குதிரை மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தது.

"நில்லு தம்பி. பன்னிரண்டாம் தேதி உனக்கு என்ன நடந்தது? சொல்லிவிட்டு ஓடு."

"கயிறு அறுந்தது, அண்ணே."

"பார்த்தாயா, பொருந்துகிறது" என்றது காலண்டர், எரிந்துகொண்டே.