வெற்றியின் ரேஸர்

“பிளேடா? உங்க வீட்லதான் ஆம்பளையே கிடையாதே, யாருக்கும்மா?”

கடைக்கார சங்கரநாராயணன் அண்ணாச்சி கேட்டார். கன்னியம்மா பிளேடு பாக்கெட்டை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

கடையில் நின்ற பக்கத்து வீட்டு ஜெயக்கொடி பதறினாள்.

“அது கைல போய் பிளேட குடுத்துட்டியே அண்ணாச்சி! மனோகரன் மேல வெறியா கீது அது.”

திருவொற்றியூர் குப்பம் முழுக்கத் தெரிந்த விஷயம்தான். கன்னியம்மாவின் ஒரே மகன் வெற்றியும் அவன் தோஸ்து மனோகரனும் ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரே பைபர் போட்டில் கடலுக்குப் போனார்கள். போட் கவிழ்ந்தது. மறுநாள் மனோகரன் மட்டும் கரை சேர்ந்தான். “பெரிய அலை அடிச்சுது. திரும்பிப் பாத்தா அவன் இல்ல” என்றான். வெற்றியின் உடம்புகூடக் கிடைக்கவில்லை.

“எம் புள்ளய வுட்டுட்டு நீ மட்டும் வந்துகினியா? நீ நல்லாருப்பியா?” என்று அன்றைக்கு அவன்மேல் மண்ணை வாரித் தூற்றினாள் கன்னியம்மா. அப்புறம் அவன் வீட்டுச் சந்துப் பக்கமே போனதில்லை.

ஜெயக்கொடி பின்னாலேயே போய்ப் பார்த்தாள். கன்னியம்மா வாசலில் உட்கார்ந்து ஒரு பழைய ரேஸரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவள் புருஷனுக்கு யாரோ ஒரு வெளிநாட்டுக் கப்பல்காரன் கொடுத்துவிட்டுப் போன ரேஸர் அது. புருஷன் செத்த பிறகு வெற்றி வைத்திருந்தான். கைப்பிடிக்கு அடியில் ஒரு திருகு. ஒன்றிலிருந்து ஒன்பது வரை நம்பர். நம்பர் கூடக் கூட பிளேடு அழுத்தமாக வெட்டும். உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு ஏறி, திருகு இறுகிப் போயிருந்தது.

வெந்நீரில் சோப்பைக் கரைத்து அதில் ஊறவைத்திருந்தாள். பல் தேய்க்கிற பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகத் தேய்த்தாள். காய்ந்த சோப்பு உதிர்ந்தது. அதோடு கறுப்பாக, பொடிப் பொடியாக முடி.

வெற்றியின் முடி.

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்கடையில் ஊற்ற மனசு வரவில்லை. கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய் அவன் போட்டோவுக்குக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டதும் திருகு லேசாக அசைந்தது.

“மூணுல வெச்சிக் கீறான் ஜெயா. கடைசியா அவன் வெச்சது. திருப்புனா பூடும்.”

“அப்ப வுட்டுடேன் யக்கா. எதுக்கு இப்ப இதெல்லாம்?”

கன்னியம்மா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டாள். திருகை ஏழுக்குத் திருப்பினாள். புது பிளேடைப் போட்டுக்கொண்டு எழுந்து நேரே மனோகரன் வீட்டுச் சந்துக்கு நடந்தாள்.

“ஐயோ, யாராச்சும் வாங்களேன்!” ஜெயக்கொடி கத்திக்கொண்டே ஓடினாள்.

மனோகரன் அந்த ஏழு மாதமும் கடலுக்குப் போகவில்லை. யாரிடமும் பேச்சில்லை. தாடி கழுத்தை மூடிக் கிடந்தது. முந்தாநாள், கடலுக்குள் நீண்டிருக்கும் தூண்டில் வளைவுப் பாறைமேல் ஏறிக் கடலில் குதிக்கப் போனவனை நாலு பேர் சேர்ந்து இழுத்து வந்து வீட்டில் போட்டிருந்தார்கள்.

அவன் மனைவி பவானி வாசலை மறித்துக்கொண்டாள்.

“வாணாம் அத்த. ரெண்டு புள்ளைங்க கீதுங்க.”

“கத்திரிக்கோல், சோப்பு, ஒரு கிண்ணம் வெந்நீ. எட்த்துனு வா, போ.”

சுவரில் சாய்ந்திருந்த மனோகரன் அவள் கையில் இருந்ததைப் பார்த்தான். அது யாருடைய ரேஸர் என்று அவனுக்குத் தெரியும். கழுத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டான்.

கன்னியம்மா அவன் எதிரில் உட்கார்ந்தாள். தாடியைக் கத்தரித்தாள். சோப்பு நுரையைத் தடவினாள். ஒரு கன்னம் முடிந்தது. இன்னொரு கன்னம் முடிந்தது. ஜெயக்கொடியின் சத்தம் கேட்டு வந்தவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

ரேஸர் தொண்டைக்கு வந்தபோது அவன் உடைந்து அழுதான்.

“நான் சொன்னது பொய் யம்மா. விடியிற வரிக்கும் அவன் கையப் புடிச்சினுதான் இருந்தேன். அதுக்கு மேல முடில. நான்தான் வுட்டுட்டேன்.”

பவானி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

கன்னியம்மாவின் கை ஒரு கணம் நின்றது.

“தெரியும் நைனா. அன்னிக்கிக் கரையில நீ என் மூஞ்சப் பாக்கவேயில்ல, அப்பவே தெரியும்” என்றாள். இன்னொரு கையால் அவன் தாடையை ஏந்திக்கொண்டாள். “ஆடாத. கீறிடப் போவுது.”